தானே நகரும் ஜாய்ஸ்டிக்



பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் மாலை வேளையில் கேட்கும் ஓசைகள் பல. குக்கரின் சீழ்க்கை ஒன்று. ஊரிலிருந்து வரும் தொலைபேசி மணி ஒன்று. சில ஆண்டுகளாக வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளின் ஆரவாரமும் அவற்றோடு சேர்ந்துகொண்டுவிட்டது. இந்த மூன்றாவது ஓசையைப் பற்றி நம்மில் பெரியவர்களுக்கு அவ்வளவாக நல்லெண்ணம் இருப்பதில்லை. படிப்புக் கெடுகிறது, கண் கெடுகிறது என்று குறை கூறுவதே வழக்கமாக இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் இன்று புகப்போவதில்லை. விளையாட்டு நல்லதா தீயதா என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, விளையாடும் கருவி பழுதானால் என்ன செய்வது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் தில்லிக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகன் இங்கேயே பிறந்தவன். தெருவில் அவனுக்கு இந்தி, பாடத்தில் ஆங்கிலம். தமிழில் அவன் வாய்விட்டுப் பேசுவது வீட்டில் எங்களோடும், ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் மதுரையில் இருக்கும் அத்தை மகனோடுந்தான். இருவரும் இணையத்தின் வழியாக ஒரே கால்பந்தாட்டத்தில் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவார்கள். “டேய் மச்சான், பந்தைப் பின்னாலே தட்டு” என்று அவன் கூவுவதைக் கேட்கும்போது, அந்த ஒரு மணி நேரம் மதுரைத் தெரு ஒன்று எங்கள் வாடகை வீட்டுக்குள் வந்துவிட்டது போலவே தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாதியில் தடைப்பட்டது. திரையில் அவனுடைய ஆட்டக்காரன் பந்தை விட்டுவிட்டு இடப்புறக் கோட்டை நோக்கி மெல்ல நடந்துகொண்டே இருந்தான். “நான் அசைக்கவே இல்லை அப்பா, அதுவே போகிறது” என்றான் பையன். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. தொடாத பொருள் தானாக நகருமா? கோபத்தில் கண்ட்ரோலரை வீசி எறிந்திருப்பான், அதை மறைக்கிறான் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு கடிந்து பேசினோம். கருவியை எடுத்து அலமாரியில் பூட்டியும் வைத்தோம். மூன்று ஞாயிறுகள் கழிந்தன. மதுரையிலிருந்து தொலைபேசியில் பேசிய அவனுடைய அத்தைதான், பிள்ளைகள் இருவரும் பேசி மூன்று வாரமாகிவிட்டதே, ஏதேனும் மனத்தாங்கலா என்று கேட்டார். அதன் பிறகே இது என்ன கோளாறு என்று விசாரிக்கத் தலைப்பட்டோம். விசாரித்ததில், பையன் சொன்னது முழுவதும் உண்மை என்று தெரிந்தது. கருவி தானாகவேதான் நகர்ந்தது. ‘ஸ்டிக் டிரிஃப்ட்’ என்று விளையாடுவோர் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். கண்ட்ரோலரின் மேற்புறத்தில் இரண்டு கட்டைவிரல்களுக்கும் எட்டும்படி, காளான் குடையைப் போல இரண்டு சிறு குமிழ்கள் நிற்கின்றன. ஒவ்வொரு குமிழின் அடியிலும், ஒன்றுக்கொன்று செங்கோணமாக, பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும் இரண்டு சிறு உறுப்புகள் அமைந்திருக்கின்றன. ஒன்று இடவல அசைவையும், மற்றது மேல்கீழ் அசைவையும் அளந்து சொல்லும். அதனுள்ளே இருப்பது கரிப்பூச்சுப் பூசிய ஒரு வளைந்த தடம். அதன்மேல் உராய்ந்து செல்லும் ஓர் உலோக நாக்கு. தடத்தின் இரு முனைகளுக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் தரப்பட்டிருக்கும். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்குரிய மின்னழுத்தம் வெளியே வரும். கருவியின் உள்ளே இருக்கும் சில்லு அதனை எண்ணாக மாற்றும். பல கருவிகளில் இந்த எண் 0 முதல் 255 வரை அமைந்திருக்கும். குமிழைத் தொடாமல் விட்டால், உள்ளேயிருக்கும் வில்கம்பி அதனை நடுவுக்குக் கொண்டுவரும். அப்போது ஏறத்தாழ 128 என்ற எண் வரவேண்டும். அது 128க்குப் பதிலாக 110 என்று வந்தால், விரல் குமிழை இடப்புறம் சாய்த்திருக்கிறது என்றே இயந்திரம் கருதும். திரையில் உள்ள ஆட்டக்காரனும் இடப்புறம் நடக்கத் தொடங்கிவிடுவான்.

நேயர்களில் மூத்தவர்களுக்கு இந்த உறுப்பு புதியதன்று. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நாம் திருகிய குமிழின் பின்னால் இருந்ததும் இதே கரித்தடமும் நாக்குந்தான். பல ஆண்டுகள் திருகியபின் அந்தக் குமிழைத் தொட்டவுடன் ‘கரகர’வென்று இரைச்சல் எழும் அல்லவா? நாக்கு உராய்ந்து உராய்ந்து கரித்தடம் தேய்ந்ததும், தேய்ந்த துகளும் தூசியும் நாக்கின் அடியில் சேர்ந்ததுமே அதற்குக் காரணம். வானொலியில் காதுக்கு இரைச்சலாகக் கேட்ட அதே நோய்தான், இன்று பிள்ளைகளின் கையில் கண்ணுக்கு நகர்ச்சியாகத் தெரிகிறது. வேறுபாடு இதுதான்: வானொலிக் குமிழை நாளுக்கு நாலைந்து முறை திருகினோம்; பிள்ளைகளோ இந்தக் குமிழை ஒரு மணிக்குள் ஆயிரக்கணக்கான முறை சுழற்றுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் குமிழுறுப்புக்கு அதன் உற்பத்தியாளர் கூறும் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள். நிமிடத்துக்கு 50 சுழற்சி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 40,000 நிமிடங்களில், அதாவது ஏறத்தாழ 667 மணி நேரத்தில், அந்த ஆயுள் தீர்ந்துவிடுகிறது. நாளுக்கு ஒரு மணி விளையாடும் பிள்ளைக்கு அது இரண்டு ஆண்டுகூட ஆகாது. கரித்தடம் தேய்வதோடு, வில்கம்பியும் நாளடைவில் தளர்ந்து குமிழைச் சரியான நடுவுக்குக் கொண்டுவரத் தவறும். வியர்வையும், முறுக்கு தின்ற கையின் எண்ணெயும், வடநாட்டுக் கோடையின் புழுதியும் குமிழின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். கீழே போட்டு உடைத்தால் மட்டுமே இது நேரும் என்று எண்ணுவது தவறு. மிகுந்த கவனத்தோடு ஆடும் பிள்ளையின் கருவிக்கும் இது வந்தே தீரும்.

இந்தக் கோளாறு உலகமெங்கும் வழக்குகளுக்கே இடந்தந்திருக்கிறது. நின்டென்டோ நிறுவனம் 2017இல் ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் இருபுறமும் பொருந்தும் ஜாய்-கான் என்ற சிறு கைப்பிடிகளில் இந்தக் குறை பெருவாரியாகத் தோன்றியது. 2019இல் அமெரிக்காவில் வாங்கியோர் பலர் சார்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2020இல் பங்குதாரர் கூட்டத்தில் அந்நிறுவனத் தலைவர் ஷுந்தாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளருக்கு நேர்ந்த தொல்லைக்காக வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்கள் முறையிட்டதன் பயனாக, 2023இல் அந்தப் பகுதியில் உத்தரவாதக் காலம் கடந்த ஜாய்-கான்களையும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தர நிறுவனம் உடன்பட்டது. கோடிக்கணக்கில் பொருள் விற்கும் நிறுவனமே வருத்தம் தெரிவித்த குறையை, நாங்கள் ஒரு சிறுவனின் குற்றமாக்கி அவனைத் தண்டித்தோம் என்பதை நினைக்கும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிற்க. நோயின் தன்மை தெரிந்துவிட்டது, மருந்துக்கு வருவோம். எளியதை முதலில் செய்து பார்த்து, அது பயன்படாவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லவேண்டும் என்பதே இதில் பொதுவிதி.

முதற்படி, கோளாறு உண்மையில் குமிழில்தான் இருக்கிறதா என்று அறிவது. ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் நகர்ந்து மற்றவற்றில் நகராவிட்டால், அந்த ஆட்டத்தின் அமைப்பில்தான் பிழை இருக்கக்கூடும். கம்பியில்லாமல் இயங்கும் கருவியைக் கம்பி கொண்டு இணைத்துப் பார்த்தால், அலைத்தொடர்பின் குறையா என்பதும் தெரிந்துவிடும். கண்ட்ரோலரைக் கணினியில் இணைத்தால் குமிழின் எண்களைத் திரையில் காட்டும் வசதிகள் உண்டு. குமிழைத் தொடாமல் மேசைமேல் வைத்துவிட்டு அந்த எண்களைக் கவனிக்கவேண்டும். நடுவிலிருந்து விலகி ஒரே எண்ணில் நிற்கிறதா, அல்லது நடுங்கித் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணில் விலகி நிற்பது பெரும்பாலும் வில்கம்பியின் தளர்ச்சியையோ நடுப்புள்ளி மாறியதையோ காட்டும். துள்ளுவது தூசியையோ தேய்மானத்தையோ காட்டும்.

இரண்டாம் படி, நடுப்புள்ளியைத் திருத்துவது. ஸ்விட்ச் கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே குமிழைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. கணினியில் ஸ்டீம் வழியாக விளையாடுவோருக்கும் அத்தகைய வசதி உண்டு. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர்களின் பின்புறத்தில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதனுள் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நுழைத்துச் சில நொடிகள் அழுத்தினால் கருவி தன் தொடக்க நிலைக்குத் திரும்பும். இவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி, ‘டெட் ஜோன்’ எனப்படும் செயலற்ற வட்டத்தை விரிப்பது. நடுப்புள்ளியைச் சுற்றிச் சிறிய வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் நிகழும் அசைவைப் பொருட்படுத்தவேண்டாம் என்று இயந்திரத்துக்குச் சொல்வதே இது. பல ஆட்டங்களின் அமைப்புப் பக்கத்தில் இதனைக் கூட்டவும் குறைக்கவும் இடமுண்டு. குமிழின் விலகல் நூற்றுக்கு 6 பங்கு என்றால் வட்டத்தை 8 பங்காக வைத்தால் போதும். 30, 40 என்று தாராளமாக விரித்துவிட்டால், மெல்ல நடக்கவும் நுட்பமாகக் குறிபார்க்கவும் வேண்டிய சிறு அசைவுகளையும் இயந்திரம் புறக்கணித்துவிடும். அன்றியும் இது வலிக்குத் தைலம் தடவுவது போன்றதே. தேய்மானம் உள்ளே தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கும்.

நான்காம் படி, சுத்தம் செய்வது. கருவியை முற்றிலும் அணைத்துவிட்டு, குமிழை ஒருபுறம் சாய்த்து, அதன் அடியில் தூய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சில துளிகள் விட்டு, குமிழைப் பல முறை வட்டமாகச் சுழற்றி, நன்றாக உலர்ந்தபின் பார்க்கவேண்டும். தூசியால் வந்த கோளாறாக இருந்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். தேய்மானத்தால் வந்தது சில வாரங்களில் திரும்பிவிடும். கைகழுவும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதில் நீரும் கிளிசரினும் கலந்திருக்கும். தையல் இயந்திரத்து எண்ணெயும் தேங்காயெண்ணெயும் கூடவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைத்து இதனைச் செய்யவேண்டாம்; பிள்ளைகளைத் தனியே செய்யவும் விடவேண்டாம்.

ஐந்தாம் படி, உறுப்பையே மாற்றுவது. ஜாய்-கானில் இது ஒப்புநோக்க எளிது. மூன்று இறகு கொண்ட முகமுள்ள தனி வகைத் திருப்புளி வேண்டும், குமிழுறுப்பு சிறு நாடாவால் இணைக்கப்பட்டிருக்கும், பற்றவைக்கும் வேலை இல்லை. பிற பெரிய கண்ட்ரோலர்கள் பலவற்றில் குமிழுறுப்பு பலகையோடு 14 இடங்களில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த 14 பற்றுகளையும் உருக்கி எடுத்து, பலகையின் மெல்லிய செம்புத் தடம் உரியாமல், புதிய உறுப்பைப் பொருத்துவது பழகிய கைக்கே உரிய வேலை. கருவியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். லித்தியம் பேட்டரியைக் கூரிய கருவியால் குத்துவது நெருப்போடு விளையாடுவதாகும்.

உறுப்பை மாற்றும்போது மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது. கரித்தடத்துக்குப் பதிலாகக் காந்தத்தைக் கொண்டு இயங்கும் குமிழ்கள் இப்போது கிடைக்கின்றன. குமிழின் அடியில் சிறு காந்தம் இருக்கும். அதன் அசைவை எதிரேயுள்ள உணர்வி தொடாமலே அளக்கும். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டறிந்த ஹால் விளைவே இதன் அடிப்படை. உராய்வு இல்லாத இடத்தில் தேய்வும் இல்லை. இது புதுமையான எண்ணமும் அன்று. 1998இல் ஜப்பானில் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே காந்தக் குமிழ் இருந்தது. ஆயினும் காந்தக் குமிழிலும் வில்கம்பி உண்டு, அது தளரலாம். பொருத்தியபின் நடுப்புள்ளியைத் திருத்தியமைக்கவும் வேண்டும். நீண்டநாள் உழைக்கும் என்று சொல்லலாமேயன்றி, சாகாவரம் பெற்றது என்று விற்பவர் சொல்வதை நம்பவேண்டாம்.

இவ்வளவையும் யாரிடம் கொடுத்துச் செய்வது? வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு எழும் தயக்கம் இது. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சந்தை ஆகிய இடங்களில் மின்னணுச் சாமான்களும் பழுதுபார்ப்போரும் நிறைந்திருக்கிறார்கள். மொழி முழுவதும் வசப்படவில்லையே என்று அஞ்சி, பழைய கருவியை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவோர் நம்மிடையே பலர். பெயர்பெற்ற கண்ட்ரோலர்கள் பலவற்றின் விலை 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. மாற்றுக் குமிழுறுப்போ சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. கூலியைச் சேர்த்தாலும் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு மிச்சம் சிறியதன்று. கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். குமிழை மட்டும் மாற்றுவீர்களா? கரியா, காந்தமா? எத்தனை நாளுக்குப் பொறுப்பேற்பீர்கள்? கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவீர்களா? இந்த நான்குக்கும் தயங்காமல் விடை சொல்பவரிடம் ஒப்படைக்கலாம்.

ஆனால் கடைக்குச் செல்லுமுன் ரசீதைத் தேடிப் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் கருவியை நீங்களாகத் திறக்கவேண்டாம். விற்ற நிறுவனத்தையே முதலில் அணுகவேண்டும். அவர்கள் தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே பல இந்திய மொழிகளில் பேச வசதி உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், இப்போது வசிக்கும் அல்லது பணிபுரியும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்கைப் பதிவு செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது அதற்குக் கட்டணமும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமையை வலியுறுத்தி இந்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணைய வாயிலையும் திறந்திருக்கிறது. இனித் திருத்தவே முடியாது என்று ஆகிவிட்ட கருவியையும் குப்பைத் தொட்டியில் போடலாகாது. அதன் பேட்டரி தீங்கு விளைவிப்பது. மின்னணுக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பதே முறை.

இனி எங்கள் கதையின் முடிவு. உத்தரவாதம் முடிந்துவிட்டிருந்ததால், அலமாரியிலிருந்து கருவியை எடுத்து, பையனையும் உடன் அழைத்துக்கொண்டு நேரு பிளேஸுக்குச் சென்றோம். மாடிப்படியின் அடியில், ஒரு மேசையும் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கண்ணாடியுமே கடையாகக் கொண்ட ஒரு முதியவர் அதனை வாங்கிப் பார்த்தார். குமிழின் அடித்தட்டைக் கழற்றி, கரித்தடத்தில் நடுவே வெளுத்துத் தெரிந்த கோட்டை எங்களுக்குக் காட்டினார். பிறகு பையனின் பக்கம் திரும்பி இந்தியில், “இது உன் தவறில்லை மகனே; நிறைய ஆடியிருக்கிறாய், அவ்வளவுதான்” என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தையை, முன்பின் அறியாத ஒருவர் சொன்னார். திரும்பும் வழியில் மெட்ரோ வண்டியில் நாங்களும் அவனிடம் எங்கள் தவறை ஒப்புக்கொண்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசலை அடைந்தபோது, “ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா அப்பா?” என்று மட்டும் கேட்டான்.

பிள்ளைகளின் கருவிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. தெரியாத இடத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு முன் சற்றே விசாரிப்பது நமக்கு நல்லது; அவர்களுக்கும் நல்லது. இயந்திரம் தேய்வது இயல்பு, அதனைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லாத பொய்க்காகத் தண்டனை பெற்ற பிள்ளையின் மனத்தைத் திருத்துவதற்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டக்காரன் நடுக்களத்தில் அசையாமல் நின்றான். மதுரைக் குரல் மறுபடியும் கேட்டது.